ஜனவரி எட்டாம் தேதித் தாள்

டிசம்பர் 4

ஜெசிந்தா இங்கிலீஷ் பரீட்சையில் பாஸ். கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது நான்கிலும் பாஸ். ரிசல்ட் என் இமெயிலுக்குத்தான் வந்தது. வார்டில் நர்ஸ் டூட்டியில் இருந்தவளுக்குப் போன் போட்டுச் சொன்னதும் "மாதாவே!" என்று கத்தியிருக்கிறாள். பக்கத்துக் கட்டில் பெரியவர் என்னவோ ஏதோ என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாராம்.

பெருமையை நான் எதற்கு ஒளிக்க வேண்டும்? பதினோரு மாதமாக நான் போட்ட விதை இது. தினமும் காலையில் நாள்காட்டியில் நேற்றைய தாளைக் கிழிப்பேன். அதன் பின்பக்கம் ஒரு இங்கிலீஷ் சொல், அதன் பொருள், இரண்டு உதாரண வாக்கியம் எழுதி அவள் கையில் கொடுப்பேன். பஸ்ஸில் படித்துக்கொண்டே போவாள். சாயங்காலம் அதே தாளில் அவளுடைய சொந்த வாக்கியம் ஒன்று எழுதியிருக்கும். சிவப்புப் பேனாவால் திருத்தி, சரி போட்டு, தேதி போட்டுத் திருப்பிக் கொடுப்பேன். இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறவன், கட்டின மனைவிக்கு இது கூடச் செய்ய மாட்டேனா?

அவளுடைய வாக்கியங்கள்தான் சகிக்காது. எல்லாம் ஆஸ்பத்திரி. சீழ், கட்டு, டிரிப்ஸ். இன்றைக்குக் கூடச் சாப்பிடும்போது ஆரம்பித்துவிட்டாள். "சுகர் பேஷன்ட்டுக்குக் கால்ல புண்ணுங்க. மேல தோல் மூடிருச்சேன்னு அவருக்குச் சந்தோஷம். உள்ள அப்படியே இருக்கு. அடியில இருந்து ஆறி வரணும், மேல முதல்ல மூட விடக் கூடாது." ரசத்தை ஊற்றிக்கொண்டு இதைக் கேட்க வேண்டியிருக்கிறது. "சோறு திங்க விடுறியா?" என்றேன். மகள் ஜோவிட்டா சிரித்தாள்.

இங்கிலீஷ் வாத்தியார் டைரியைத் தமிழில் எழுதுகிறார் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். இங்கிலீஷில் எழுதினால் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற ஜோவிட்டா படித்துவிடுவாள். என் தமிழ்க் கையெழுத்து சில நாள் எனக்கே புரியாது.

டிசம்பர் 8

ஞாயிறு. பூசை முடிந்து வந்து அயர்லாந்து நர்ஸ் கவுன்சிலுக்கு ஆன்லைன் விண்ணப்பம் போட்டேன். அவர்கள் பதிவு செய்துகொண்டால்தான் அங்கே வேலை. ஜெசிந்தாவோடு நர்ஸிங் படித்த பெர்னதெத் அங்கே ஆறு வருஷமாக இருக்கிறாள். அவள் ஆஸ்பத்திரியிலேயே இடம் பேசி வைத்திருக்கிறாள். பிப்ரவரிக்குள் கவுன்சில் பதிவு கிடைத்தால் ஏப்ரலில் சேரலாம். தவறினால் அந்த இடம் வேறு ஆளுக்கு.

இந்தத் தெருவில் யாருக்கு எந்தப் பாரம் என்றாலும் "தைனிஸ் சார்கிட்ட குடு" என்றுதான் வருவார்கள். என் வீட்டுப் பாரத்தை நான் நிரப்ப மாட்டேனா? போன் நம்பர் என்னுடையது, இமெயில் என்னுடையது. அவளுக்குத் தனியாக எதற்கு?

குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? முன்னால் ஒரு எழுத்து இனிஷியல், அவ்வளவுதான். அவளுடைய சான்றிதழில் எம். ஜெசிந்தா. எம் என்றால் அவள் அப்பா மரியலூயிஸ். பாஸ்போர்ட்டிலும் அப்பா பெயரைத்தான் விரித்துப் போட்டிருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் எடுத்து, அதையே புதுப்பித்தது. நான் அந்தக் கட்டத்தில் தைனிஸ் என்று போட்டேன்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், "ஏங்க, எல்லாத்துலயும் எங்கப்பா பேரு தானங்க இருக்கு?" என்றாள்.

"கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆச்சு. நீ யாரு பொண்டாட்டி?"

"அதுக்கில்லங்க, மாறிப்போச்சுன்னா..."

"இங்கிலீஷ் வாத்தியார் நீயா நானா?"

காபி போடப் போய்விட்டாள். அனுப்பியாயிற்று.

டிசம்பர் 11

அரையாண்டுத் தேர்வு. சிலிண்டர் தீர்ந்தது. மழை.

டிசம்பர் 19

கவுன்சிலிலிருந்து மெயில். ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது வந்தது. விண்ணப்பத்தில் உள்ள பெயரும் சான்றிதழ்களில் உள்ள பெயரும் பொருந்தவில்லை. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்னால் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை ஜனவரி 31க்குள் அனுப்ப வேண்டும். தவறினால் விண்ணப்பம் ரத்தாகும். மறுபடி முதலிலிருந்து.

பெரிய விஷயமே இல்லை. கோர்ட் வாசலில் அரை மணி நேர வேலை. சாயங்காலம் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 20

சொல்லவில்லை. அவளுக்கு நேற்றுத் தலைவலி. இன்றைக்கு எனக்கு.

டிசம்பர் 23

லீவு விட்டாயிற்று. "ஏதும் மெயில் வந்துச்சாங்க?" என்று மாவு அரைத்துக்கொண்டே கேட்டாள். "ஒண்ணும் வரல" என்றேன்.

இன்றைக்கு ஒன்றும் வரவில்லை என்பது உண்மைதான். வந்தது பத்தொன்பதாம் தேதி.

டிசம்பர் 25

மாமனார் வீட்டில் கிறிஸ்மஸ். போயிருக்கவே கூடாது.

வீடு முழுக்க ஜனம். எல்லார் வாயிலும் அயர்லாந்து. பிரியாணி பரிமாறும்போது சகலை கஸ்பார் என் தோளில் கை போட்டு, "சகலை, இனிமே நீங்கதான் எங்க வீட்டு மருமக. புளிக்குழம்பு வைக்கக் கத்துக்கிட்டீங்களா?" என்றான். அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

ஜெசிந்தா மட்டும் சிரிக்கவில்லை. "சும்மா இருங்க மச்சான். இவரு இல்லாட்டி நான் அந்தப் பாரத்தக் கண்ணால பாத்திருக்க மாட்டேன்" என்றாள். நான் தட்டில் குனிந்து எலும்பைப் பொறுக்கி ஓரமாக வைத்தேன்.

அப்புறம் மாமனார். ரயில்வேயில் கேங்மேனாக இருந்தவர், கையெழுத்துப் போடவே ஐந்து நிமிஷம் ஆகும். பாஸ்போர்ட்டை வாங்கி, தன் பெயர் எங்கே இருக்கிறது என்று பேத்தியை விட்டுக் காட்டச் சொல்லி, அதன்மேல் விரலை வைத்துத் தடவினார். "நான் ரயிலுக்கு ரோடு போட்டவன். எம்பேரு பிளேன்ல போகுது பாருங்க மாப்ள" என்றார். நல்ல மனுஷன்தான். ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினாறு வருஷம் கூட இருந்தவன் பெயர் எங்கேயும் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். கூட்டம்.

ஜனவரி 1

புது டைரி. ஒரு டப்பா விற்கிறவன் கொடுத்தது, எல்லாப் பக்கத்திலும் பிளாஸ்டிக் வாளி படம். புது நாள்காட்டியும் மாட்டியாயிற்று. பூசையில் சாமியார், "இந்த வருஷம் நம்ம பங்கிலேர்ந்து ஒரு சகோதரி கடல் கடந்து போறாங்க" என்று பெயர் சொல்லி ஜெபித்தார். எல்லாரும் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 4

நான் என்ன செய்துவிட்டேன் என்று உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். எதையும் கிழிக்கவில்லை. எதையும் அழிக்கவில்லை. போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தினமும் தாள் எழுதிக் கொடுக்கிறேன். இன்னும் இருபத்தேழு நாள் இருக்கிறது.

ஜனவரி 7

காலையில் குளித்துவிட்டு வந்து போனைப் பார்த்தால் கவுன்சிலின் நினைவூட்டல் மெயில். படிக்காத மெயிலாகத் தடித்த எழுத்தில் நின்றது. ஜெசிந்தா அடுப்படியில் இருந்தாள். தோசை ஒன்று கருகிவிட்டது. அவள் தோசை கருகி நான் பார்த்ததே இல்லை.

ஜனவரி 9

நேற்று ஒன்பதாம் வகுப்பில் நடந்ததை எழுதியாக வேண்டும். பாடத்தில் 'ஹின்டர்' என்று ஒரு சொல். "தடுத்தல் என்று எழுதிக்கோங்க" என்றேன். முன் பெஞ்சில் ஆக்னஸ் எழுந்தாள். "சார், போன வாரம் 'ப்ரிவென்ட்' வந்துச்சே, அதுக்கும் தடுத்தல்தான் சொன்னீங்க. ரெண்டும் ஒண்ணா சார்?"

நல்ல கேள்வி. நல்ல கேள்வி கேட்டால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். "ஒண்ணில்லம்மா. ரோட்டுக்குக் குறுக்க சுவரே கட்டிட்டா அது ப்ரிவென்ட். வண்டி போகவே முடியாது. ரோட்டுல கல்லைக் கொட்டி வச்சா அது ஹின்டர். வண்டி போகும். ஆனா தாமதமாகும், தடுமாறும். முன்னேறிப் போறத இழுத்துப் பிடிக்கிறது. முழுசா நிறுத்துறது கிடையாது."

"அப்ப கல்லைக் கொட்டுனவன், நான் ஒண்ணும் ரோட்டை மறிக்கலையேன்னு சொல்லிக்கலாம்ல சார்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழிக்க ஒன்றும் இல்லாத பலகையைக் கொஞ்ச நேரம் அழித்தேன்.

இன்று காலை எட்டாம் தேதித் தாளைக் கிழித்தேன். பின்பக்கம் வேறு எந்தச் சொல்லும் வரவில்லை. ஹின்டர் என்றே எழுதினேன். பொருள்: முன்னேறுவதைத் தாமதப்படுத்துதல், இடைஞ்சல் செய்தல், முற்றாக நிறுத்துவது அன்று. உதாரணம்: பனிமூட்டம் ரயில்களைத் தாமதப்படுத்தியது. இறுக்கமான செருப்பு அவன் நடைக்கு இடைஞ்சலாக இருந்தது.

ஜெசிந்தா அதை வாங்கி நின்ற இடத்திலேயே படித்தாள். பஸ்ஸுக்கு நேரமாயிற்று, அவள் நகரவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். "இதப் பத்தி வேற எதுவும் சொல்லணுமா?" என்றாள்.

"என்ன சொல்லணும்? பொருள் எழுதியிருக்கேன்ல."

கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள். சாயங்காலம் தாள் திரும்பி வரவில்லை. கேட்டதற்கு, "இதுக்கு வாக்கியம் வரலங்க. வரும்போது எழுதுறேன்" என்றாள். ஒரு வருஷத்தில் முதல் தடவை.

ஜனவரி 10

ஜெசிந்தா அரை நாள் லீவு போட்டிருக்கிறாள். பல் டாக்டரிடம் போனதாகச் சொன்னாள். எந்தப் பல் என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 14

பொங்கல். பாலும் பொங்கியது, மிளகு கொஞ்சம் தூக்கல். ஜோவிட்டா என்னிடம் இரண்டு நாளாகச் சரியாகப் பேசுவதில்லை. அம்மாவும் மகளும் கம்ப்யூட்டர் கடைக்குப் போய் ஏதோ ஸ்கேன் எடுத்து வந்தார்கள். "என்னது பாப்பா?" என்றேன். "புராஜெக்ட்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். வயசு அப்படி.

ஜனவரி 20

இன்றைக்கு நடந்தது மாதிரி என் எதிரிக்கும் நடக்கக் கூடாது.

ஜெசிந்தா சாப்பாட்டை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு மதியம் பள்ளி இல்லை, ஆசிரியர் கூட்டம் ரத்து. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் டிரஸ்ஸிங் அறையில் இருந்தாள். நர்ஸ்கள் அறையில் உட்காரச் சொன்னார்கள். அங்கே சுவரில் ஒரு ஆணி. ஆணியில், தையல் போடுகிற நூலில் கோத்து, என் நாள்காட்டித் தாள்கள். ஒரு வருஷத்துத் தாள். பூ கட்டுகிற மாதிரி வரிசையாக, தேதிவாரியாக. என் சிவப்பு மை எல்லாவற்றிலும்.

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, வினோதினியோ என்னவோ பெயர், எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். "நீங்கதான் சிஸ்டரோட வீட்டுக்காரரா சார்? சிஸ்டர் எங்களுக்கும் தினம் இதுலேர்ந்து ஒரு வார்த்தை சொல்லிக் குடுக்குறாங்க. எங்க வீட்டுல நான் வேலைக்கு வர்றதுக்கே சண்டை. மாமியார் போனையே ஒளிச்சு வச்சிருவாங்க. சிஸ்டர் குடுத்து வச்சவங்கன்னு நாங்க எல்லாரும் சொல்லுவோம் சார்."

அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல் நூலில் இருந்த தாள்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜனவரி ஏழு இருந்தது. ஜனவரி ஒன்பது இருந்தது. நடுவில் எட்டு இல்லை.

அவளுடைய மாமியார் போனை ஒளித்து வைக்கிறாள். குறைந்தபட்சம் ஒளித்து வைத்ததாக ஊருக்குத் தெரிகிறது. நான் சிவப்புப் பேனாவோடு நல்ல பெயரும் எடுத்துக்கொண்டு அதையேதான் செய்திருக்கிறேன். த்தூ. எழுதவே கை கூசுகிறது. டிபன் பாக்ஸை வைத்துவிட்டு அவளைப் பார்க்காமலே வந்துவிட்டேன்.

நாளை கோர்ட்டுக்குப் போகிறேன்.

ஜனவரி 21

முதல் பீரியட் முடிந்ததும் பெர்மிஷன் போட்டுக் கிளம்பினேன். அவளுடைய சான்றிதழ் நகல், பாஸ்போர்ட் நகல், கல்யாணச் சான்றிதழ் எல்லாம் பையில். கோர்ட் வாசலில் புங்கமரத்தடியில் டைப் அடிக்கிறவர்களுக்குப் பக்கத்தில் நோட்டரி வக்கீல் சந்தியாகு. எங்கள் பங்குக்காரர்தான்.

நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கவே விடவில்லை. "ஜெசிந்தா சிஸ்டர் பத்திரம் தானே சார்? அதான் பத்தாம் தேதியே வந்து முடிச்சிட்டுப் போயிட்டாங்களே" என்றார். "உங்களுக்குப் பள்ளிக்கூடத்துல பரீட்சை வேலை அதிகம், அதான் நானே வந்தேன்னாங்க. உங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியும். மறந்துட்டேன்" என்றேன். அதுவும் பொய்.

அங்கே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவர் டீ சொன்னார். குடித்தேனா என்று நினைவில்லை. பல் டாக்டர். கம்ப்யூட்டர் கடை. கருகின தோசை. எல்லாம் வரிசையாக வந்தது.

சாயங்காலம் அவள் வந்து புடவை மாற்றி, துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். "கோர்ட்டுக்குப் போயிருந்தேன்" என்றேன்.

"சந்தியாகு சார் போன் பண்ணாரு" என்றாள். கை மடிப்பதை நிறுத்தவில்லை.

"ஜெசி, உனக்கு எப்பத் தெரியும்?"

"ஏழாம் தேதி. நீங்க குளிச்சுட்டு இருந்தீங்க, போன் சத்தம் குடுத்துச்சு. பழைய மெயிலும் கீழ இருந்துச்சு. ரெண்டையும் படிச்சேன். படிக்காத மாதிரி மாத்தி வச்சேன்."

"ஏன் அப்பவே கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்." அப்போதுதான் துணியைக் கீழே வைத்தாள். "எட்டாம் தேதித் தாள்ல அந்த வார்த்தையை எழுதிக் குடுத்தீங்க பாருங்க. அப்படியே நின்னுட்டேன். சரி, வாயால சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு எழுதிக் குடுக்குறாருன்னு நெனச்சேன். வேற எதுவும் சொல்லணுமான்னு கேட்டேன். பொருள் எழுதியிருக்கேன்லன்னீங்க. அதுக்கப்புறம்தான் இனி காத்துக்கிட்டு இருக்கக் கூடாதுன்னு தோணுச்சு."

அவள் கீழே வைத்த துணியை நான் எடுத்து மடித்தேன்.

"முப்பத்திமூணு நாளுங்க" என்றாள். "ஏன்னு மட்டும் சொல்லுங்க."

"பயம்" என்றேன். "நீ போயி பெரிய ஆளாயிருவ. நான் இங்கயே பேப்பர் திருத்திக்கிட்டுக் கிடப்பேன். கஸ்பார் மாதிரி ஆளெல்லாம் சிரிப்பான். அப்புறம் நீ போன்ல கூப்பிடுறதும் கொறஞ்சிரும். அந்தப் பயம்தான்."

அவள் கண் கலங்கியது. கோபத்திலா வருத்தத்திலா என்று எனக்குத் தெரியவில்லை. "இத அன்னைக்கே சொல்லியிருந்தா உக்காந்து பேசியிருக்கலாம். ஒரு வருஷம் தள்ளிப் போடுன்னு கேட்டிருந்தா தள்ளிக்கூடப் போட்டிருப்பேன். நீங்க கேக்கவே இல்லையே."

கதவு ஓரத்தில் ஜோவிட்டா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. புது இமெயில் போட்டுக் கொடுத்தது அவள்தானாம். அப்பாவைப் பற்றி யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாள். பதினான்கு வயதுப் பெண் என் மானத்தைப் பத்து நாள் பத்திரமாக வைத்திருந்தது.

ஜனவரி 22

"என்னை மன்னிச்சிரு" என்றேன். "சட்னிக்கு உப்புப் போதுமா பாருங்க" என்றாள்.

ஜனவரி 26

மறுபடி கேட்டேன். "மன்னிச்சிட்டியா?"

"அயன் பண்ண துணியை எடுத்துட்டு வாங்க. மழை வருது."

அவள் சண்டை போட்டால் தேவலை. ஒரு தட்டை எறிந்தால் தேவலை. வழக்கம்போல சோறு போடுகிறாள், வழக்கம்போல தாளை வாங்கிக்கொண்டு போகிறாள், வாக்கியம் எழுதிக் கொண்டுவருகிறாள். நானும் சிவப்புப் பேனாவை எடுக்கிறேன். அவள் எதிரில் அந்தப் பேனாவைத் திறக்கக் கூச்சமாக இருக்கிறது.

பிப்ரவரி 12

கவுன்சில் பதிவு கிடைத்துவிட்டது. அவளுடைய இமெயிலுக்கு வந்தது. ஜோவிட்டா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஜெசிந்தா மரியலூயிஸ் என்று போட்டிருக்கிறது.

மாமனாருக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். "எல்லாம் உங்களாலதான் மாப்ள" என்றார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இதையும் வெட்கக்கேடு கணக்கில் சேர்க்க வேண்டியதுதான்.

மார்ச் 2

கஸ்பார் வந்திருந்தான். பழைய கேலி. "சகலை, புளிக்குழம்பு எந்த மட்டுல இருக்கு?"

"புளி கரைக்கிற வரைக்கும் வந்திருக்கேன்" என்றேன். பொய் இல்லை. ஜெசிந்தா சொல்லித்தர, நான்தான் இன்றைக்கு வைத்தேன். அவன் இரண்டு தரம் ஊற்றிச் சாப்பிட்டான். இதற்கா அத்தனை நாள் பயந்தேன்?

மார்ச் 23

இன்னும் இரண்டு வாரம். மூன்றாவது தடவையாகக் கேட்டேன், சமையலறையில் வைத்து. "போறதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ ஜெசி. மன்னிச்சிட்டேன்னு. எனக்கு நிம்மதியா இருக்கும்."

"உங்களுக்கு நிம்மதியா இருக்கும்" என்று திருப்பிச் சொன்னாள். அவ்வளவுதான். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 6

திருச்சி விமான நிலையம். எங்கள் தெருவே வேன் பிடித்து வந்திருந்தது. மாமனார் வெள்ளை வேட்டியில், டிக்கெட்டில் தன் பெயரை எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

உள்ளே போகும் முன் ஜோவிட்டாவை வெகு நேரம் கட்டிக்கொண்டிருந்தாள். என்னிடம் வந்து சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "மாத்திரை டப்பால கிழமை எழுதி வச்சிருக்கேன். பாப்பாவுக்கு நாளைக்கு சயின்ஸ் பரீட்சை. ஆறு மணிக்கு எழுப்பி விடுங்க."

"இனிமே உனக்கு யாரு தாள் எழுதிக் குடுப்பா?"

"போன்ல படம் பிடிச்சு அனுப்புங்க" என்றாள். "வாக்கியம் எழுதி அனுப்புறேன்."

நான் மறுபடி அதைக் கேட்க வாயெடுத்தேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்கிற மாதிரி லேசாகத் தலையை அசைத்தாள். தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தடவை திரும்பிக் கை காட்டினாள். எனக்கா ஜோவிட்டாவுக்கா என்று கேட்டால் தெரியாது. நான் திரும்பிக் கை காட்டினேன்.

ஏப்ரல் 7

ஐந்தரைக்கு எழுந்தேன். பழக்க தோஷத்தில் பேனாவோடு நாள்காட்டி முன்னால் போய் நின்று நேற்றைய சிவப்புத் தாளைக் கிழித்தேன். அதற்குக் கீழே இன்றைய தாள் தெரியவில்லை. வேறொரு தாள் கிளிப் போட்டுச் செருகியிருந்தது. ஜனவரி 8.

திருப்பினேன். என் கையெழுத்தில் அந்தச் சொல், அதன் பொருள், பனிமூட்டம், செருப்பு. அதற்குக் கீழே மூன்று மாதமாகக் காலியாக இருந்த இடத்தில் அவளுடைய குண்டு எழுத்தில் ஒரு வாக்கியம். ஆஸ்பத்திரி வாக்கியம்தான். மேலே மட்டும் சீக்கிரம் மூடிக்கொள்ளும் புண், உள்ளே ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது.

நின்றுகொண்டே நாலைந்து தடவை படித்தேன். மூன்று தடவை நான் கேட்டதற்கு இதுதான் பதில். எனக்கு நிம்மதி வேண்டும் என்று அவளை மூடச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்கு நான் ரசச் சோற்றில் கை வைத்திருந்தபோது இவள் இதையே சொல்ல, சோறு திங்க விடுறியா என்றவன் நான்.

ஆறாது என்று அவள் எழுதவில்லை. அதையும் கவனித்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு அழுதேன், பெண் எழுந்துவிடப் போகிறதே என்று சத்தமில்லாமல்.

அப்புறம் மேஜையில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவைத் திறந்தேன். பிழை ஒன்றும் இல்லை. சரி போட்டேன். ஏப்ரல் 7 என்று தேதி போட்டேன். போனில் படம் பிடித்து அவளுக்கு அனுப்பினேன். கூட வேறெதுவும் எழுதவில்லை. இனி அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டேன்.

மணி ஆறு. பாப்பாவை எழுப்ப வேண்டும், இன்றைக்கு சயின்ஸ்.